ஓட்டுநர் வீட்டு ஈரல்

மனிதனுடைய இரத்தத்தில் இரும்பு உண்டு என்பதை ஓட்டுநர் முதன்முதலாக அறிந்துகொண்டது, தம் இரத்தத்தில் அது போதிய அளவு இல்லை என்று சொல்லப்பட்ட நாளில்தான். அதுவரை இரும்பு என்பது பேருந்துக்கு மட்டுமே உரிய பொருள் என்று அவர் எண்ணியிருந்தார். நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனையில் அவருடைய கண் தேறியது, காது தேறியது, இதயம் குறைசொல்ல இடமின்றித் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. இரத்தம் ஒன்றே தவறியது. மருத்துவர் அவருடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். நகங்களை அழுத்திப் பார்த்தார். இவ்வளவு வெளுத்த இரத்தத்தோடு ஒரு பேருந்து நிறைய மக்களை ஏற்றிச் செல்பவர் எந்தத் திருப்பத்தில் தலைசுற்றிச் சாய்வார் என்று தம்மால் உறுதிகூற இயலாது என்றும், ஆதலால் இரத்தம் தேறும்வரை வண்டியின் சாவி மேற்பார்வையாளரிடமே இருக்கட்டும் என்றும் கூறிவிட்டார்.

சாவி போயிற்று. அதற்கு மாற்றாக, பணிமனையின் விசாரணைச் சன்னல் அவருக்கு வழங்கப்பட்டது. அச்சன்னலின் கண்ணாடியில் பேசுவதற்கென வெட்டப்பட்டிருந்த துளை, உள்ளே அமர்ந்திருப்பவரின் நெற்றிக்கும் வெளியே நிற்பவரின் வயிற்றுக்கும் நேராக அமைந்திருந்தது. எனவே கேட்பவர் குனிந்தும், சொல்பவர் எக்கியும் உரையாட வேண்டியிருந்தது. நாள் முழுவதும் ஓட்டுநர் எக்கி எக்கி, தாம் ஓட்டியிருக்க வேண்டிய பேருந்து எப்போது வரும் என்பதை ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை இப்போது ஓட்டியவர், வெற்றுச் சாலையிலும் ஒலியெழுப்பும் பழக்கத்தால் 'ஹாரன்' என்று பெயர்பெற்ற இளைய ஓட்டுநர். பணிமனைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் சன்னலை நோக்கி ஒருமுறை ஒலியெழுப்புவார். மரியாதைக்காகத்தான். எனினும் அவ்வொலி கேட்கும்போதெல்லாம் ஓட்டுநரின் கால் மேசைக்கடியில் இல்லாத பிரேக்கைத் தேடியது.

மருத்துவர் தந்த மாத்திரைகளை ஓட்டுநரின் வயிறு ஏற்கவில்லை; விழுங்கியவை வந்த வழியே திரும்பின. மாற்றிக் கொடுத்தவையும் அவ்வழியையே பின்பற்றின. இறுதியில் மருத்துவர், உணவினால்தான் இதைச் சரிசெய்ய வேண்டும், ஆட்டு ஈரலை விடாமல் சாப்பிடுங்கள் என்றார். அடுத்த பரிசோதனையில் தேறாவிட்டால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அதிலும் தேறாவிட்டால் சன்னல் நிரந்தரமாகும் என்று மேற்பார்வையாளர் வருத்தத்துடன் தெரிவித்தார்.

ஓட்டுநரின் மனைவி சமையலில் கைதேர்ந்தவள். ஆனால் ஈரலைப் பொறுத்தமட்டில் அவள் கொள்கைப் பிடிப்பு உடையவள். உடம்பின் அழுக்கெல்லாம் ஈரலில்தான் சென்று தங்குகிறது என்பதும், ஆகையால் அதனை எவ்வளவு வேகவைத்தாலும் போதாது என்பதும் அக்கொள்கை. அவள் ஈரலை வெங்காயத்தோடு சட்டியில் இட்டு வதக்குவாள். பின்பு குக்கரில் அடைப்பாள். குக்கர் கத்திக் களைத்து, தானே போதும் என்று கெஞ்சும் நிலையில்தான் அடுப்பை அணைப்பாள். அப்போது வெளிப்படும் பொருள் சாம்பல் நிறமாகவும், ஓரங்களில் சுருண்டும், பல்லுக்கு அசைந்துகொடுக்காததாகவும் இருக்கும். சமையலறைச் சன்னல், எல்லா வீடுகளுக்கும் பொதுவான ஒரு குறுகிய காற்றுச் சந்தினைப் பார்த்திருந்தமையால், அதன் மணத்தில் அண்டை வீட்டாருக்கும் உரிய பங்கு கிடைத்தது.

"நல்லா வெந்திருக்குதாங்க?" என்று கேட்பாள்.

"வெந்திருக்கும்மா. இனிமே எழுந்து வராது" என்பார் ஓட்டுநர்.

அவ்வீட்டில் மனைவியின் தம்பியும் உடன் வசித்தான். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். நல்ல உடற்கட்டும் அதற்கேற்ற பசியும் உடையவன். ஈரல் நாட்களில் மட்டும் அவனுக்குக் கடையில் தவறாமல் வேலை மிகுந்துவிடும். ஒருமுறை தப்ப வழியின்றிப் பந்தியில் அகப்பட்டுக்கொண்டவன், ஒரு துண்டைத் தட்டில் தட்டிப் பார்த்தான். அது ஒலித்தது.

"அத்தான், இது ஈரலா, பிரேக் கட்டையா?"

"பிரேக் கட்டைன்னா தேயும் மாப்ளே" என்று ஓட்டுநர் மென்றுகொண்டே விடையளித்தார்.

இவ்வாறு அவர் மென்றது நிறைய, விழுங்கியது குறைவு. வாயில் அடக்கிக்கொண்டு கை கழுவச் சென்ற துண்டுகளின் கதி, கழுவுதொட்டியின் குழாய் அடைத்துக்கொண்ட நாளில் வெளிப்பட்டது. அதன்பின் மனைவி, பயணச்சீட்டைச் சோதிக்கும் அதிகாரியைப் போல எதிரே அமர்ந்துகொண்டாள்.

மாற்றம் ஒரு சிலிண்டரால் வந்தது. ஒரு மாலை, ஈரல் சட்டியில் விழுந்து வதங்கத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் அடுப்பு அணைந்தது. எரிவாயு தீர்ந்துவிட்டது. மாடிவீட்டுத் தையல்காரம்மாவிடம் உபரி சிலிண்டர் கேட்டு வர மனைவி மேலே சென்றாள். தையல்காரம்மாவிடம் எதைக் கேட்டாலும், கேட்டது வருவதற்கு முன் பேச்சு வரும். சன்னலில் எக்கி எக்கிப் பசியோடு வந்திருந்த ஓட்டுநர், அணைந்த சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டார். மெல்லுவதற்கு ஆயத்தமாகத் தாடையை இறுக்கிக்கொண்டார். தாடைக்கு வேலையே வரவில்லை. அது வெண்ணெயைப்போல் விலகிக் கரைந்தது. அவர் இன்னொன்றை எடுத்தார். சிலிண்டர் படியிறங்கி வரும் ஓசை கேட்டபோது சட்டியில் பாதி இல்லை.

"பச்சையாவா தின்னீங்க?" மனைவியின் முகம் வெளிறியது.

"பச்சை இல்லம்மா. இதுதான் வெந்தது. இவ்வளவு நாளா நாம தின்னது வேற ஏதோ."

அன்றிரவு முழுதும் அவருக்கு என்ன ஆகுமோ என்று அவள் காத்திருந்தாள். அவர் குறட்டை விட்டு உறங்கினார். எனினும் கொள்கை கொள்கையே. அரைவேக்காட்டில் அவர் போய்ச் சேர விரும்பினால் சேரலாம், ஆனால் அது தன் கையால் நடவாது, வேண்டுமானால் தாமே சமைத்துக்கொள்ளட்டும் என்று அவள் அறிவித்துவிட்டாள். ஓட்டுநர் கரண்டியை ஏற்றுக்கொண்டது இவ்விதமே.

வாகனம் ஓட்டும் கலையும் ஈரல் சமைக்கும் கலையும் ஒன்றே என்பதை அவர் விரைவில் கண்டுகொண்டார். இரண்டிலும், நிற்க வேண்டிய இடத்துக்கு வந்தபின் பிரேக்கை மிதிப்பவன் மூடன். முதலில் அவர் ஈரலின் மேற்சவ்வை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தெடுப்பார். உள்ளே ஓடும் வெண்குழாய்களைக் கத்திமுனையால் கீறி அகற்றுவார். விரல் கனத்துக்குத் துண்டங்களாக அரிந்து, கசப்பும் வாடையும் நீங்கும் பொருட்டுச் சிறிதுநேரம் பாலில் ஊறவைப்பார். பின்பு வடித்து, துணியால் ஒற்றி ஈரத்தை எடுப்பார். ஈரத்தோடு இட்டால் ஈரல் வறுபடாது, வெந்நீரில் குளிக்கும். இரும்பு வாணலியை நன்றாகக் காயவிட்டு, துண்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, ஒரு பக்கம் சிவந்ததும் ஒரே ஒருமுறை திருப்புவார். விரலால் அழுத்தினால் அது குழைந்து மீள வேண்டும். குழையாமல் எதிர்த்து நின்றால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். நடுப்பகுதியில் இன்னும் சற்று வேகட்டும் என்று தோன்றும் தறுவாயில் இறக்கிவிடுவார். எஞ்சியதை வாணலியின் சூடு பார்த்துக்கொள்ளும். உப்பு இறுதியில்தான், முன்னதாக இட்டால் அது நீரை இழுத்து ஈரலை இறுக்கிவிடும் என்பதை இரண்டு தோல்விகளின் வாயிலாகக் கற்றிருந்தார். தனியே பொன்னிறமாக வதக்கிய வெங்காயமும் பூண்டும் அதன்மேல் சேரும். பிறகு, தம் கையால் கொரகொரப்பாக இடித்த மிளகு. இதில் அவர் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. கடைசியாகச் சில சொட்டு எலுமிச்சை.

மைத்துனன் முதல் நாளே கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டான். காற்றுச்சந்து வழியாக மேலேறிய மணம் தையல்காரம்மாவை, வாங்கிய சிலிண்டர் என்னாயிற்று என்று விசாரிக்கும் சாக்கில் கீழே இறக்கியது. இருவரும் உண்டார்கள். தையல்காரம்மா விரல்களை ஒவ்வொன்றாகச் சுவைத்து முடித்தபின், இந்தக் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும் என்றார். ஓட்டுநர் தம் கையைப் பார்த்துக்கொண்டார். வாழ்நாளில் அவர் எத்தனையோ ஆயிரம் பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இறங்கியவர்களில் ஒருவரும் அந்தக் கைக்கு வளையல் போட முன்வந்ததில்லை.

வினை அங்கே தொடங்கியது. ஓட்டுநரிடம் ஒரு குணம் உண்டு: பிறர் பார்த்துக்கொண்டிருக்கத் தாம் முதலில் உண்பது அவரால் ஆகாது. பந்தியில் ஒருவர் உண்ணாமல் இருக்கும்வரை அவர் கரண்டியைக் கீழே வைக்கமாட்டார். இத்துடன் புகழும் சேர்ந்தபோது, உண்பவர் முகத்தைப் பார்ப்பதே அவருக்கு உணவாயிற்று. அவர் பணிமனைக்கும் டிபன் பாக்ஸ் நிறையக் கொண்டு சென்றார். நடத்துநர் ஒரு துண்டு கேட்டார். ஹாரன் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உண்டார். மருத்துவருக்கும் ஒரு டப்பா சென்றது. இதைத் தின்கிற எவனுக்கும் இரத்தம் ஊறாமல் போகாது என்று அவர் சான்றளித்தார்.

எல்லோரும் உண்டபின் ஓட்டுநர் வாணலியோடு அமர்வார். அதில் வெங்காயம் இருக்கும், பூண்டு இருக்கும், மிளகெல்லாம் துண்டுகளோடு போயிருக்கும். அவற்றில் சோற்றைப் பிசைந்து, மிகுந்த நிறைவோடு உண்பார். "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "சாப்பிட்டேனே" என்பார். அது பொய்யன்று. மிளகு தூவுமுன், கரண்டி முனையில் ஒட்டியிருந்ததை அவர் சுவை பார்த்திருந்தார்.

பரிசோதனை நாளும் வந்தது. அதற்குள், கண்ணாடிக் கடையின் இரத்ததான முகாமில் மைத்துனனுடைய இரத்தத்தைக் கண்டு செவிலியர் வியந்துபோயிருந்தார். ஹாரனுடைய உதடுகள் சாயம் தோய்த்தாற்போல் சிவந்திருந்தன. தையல்காரம்மா இரண்டு மாடி ஏறியும் மூச்சு வாங்காமல் பேசினார். இஃது ஒன்றே அக்கட்டடத்தாருக்கு நேர்ந்த தீங்கு. ஓட்டுநருடைய இரத்தமோ முன்பு இருந்ததைவிடவும் சற்று இறங்கியிருந்தது.

"ஈரல் சாப்பிடலையா நீங்க?" என்றார் மருத்துவர்.

"நான்தானே டாக்டர் சமைக்கிறேன்."

"அதைக் கேக்கலையே. சாப்பிட்டீங்களா?"

ஓட்டுநர் சுருட்டிவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தானை மாட்டத் தொடங்கினார். மருத்துவரும் தம் பங்குக்குச் சில டப்பாக்களைக் காலிசெய்தவர் ஆகையால், அதற்குமேல் ஆராயாமல், கடைசி வாய்ப்பு எஞ்சியிருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டினார்.

பணிமனையில் இச்செய்தியை எல்லோரும் ஆறுதலோடு கேட்டார்கள். அளவுக்கு மீறிய ஆறுதல் அது. மேற்பார்வையாளர் ஓட்டுநரின் தோளில் கைபோட்டுக் கேன்டீன் பக்கம் அழைத்துச் சென்றார். அங்கிருந்த சமையற்காரர் வேலையை விட்டுச் சென்றுவிட்டதால் அடுப்பு ஆறிக் கிடந்தது.

"அண்ணே, நீங்க ஏன் மனசு விடுறீங்க? சன்னல் வேணாம்னா விடுங்க. இதைப் புடிச்சுக்குங்க. உங்க கைக்கு ஸ்டியரிங் எதுக்கு?"

பின்னால் வந்திருந்த நடத்துநரும் ஹாரனும் ஆமோதித்துத் தலையசைத்தார்கள். அவர்கள் கண்களில் அன்பு இருந்தது, பசியும் இருந்தது. ஓட்டுநருக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய நலத்தை விரும்பாதவர் அங்கு ஒருவருமில்லை. அவர் தேறவேண்டும் என்று விரும்பியவரும் ஒருவருமில்லை.

வீடு திரும்பியவர், நடந்ததையெல்லாம் மனைவியிடம் சொன்னார். கேன்டீனைச் சொல்லும்போது மட்டும், சாவி இல்லாத சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இருட்டுப் பிரியாத வேளையில் வண்டியைக் கிளப்பி, முதல் நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைத் தாம் ஏற்றிச் செல்வதைப் போன்ற ஒன்று உலகத்தில் தமக்கு வேறில்லை என்று அவர் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, பின் கதவு சரியாகச் சாத்தாத வண்டி அது, ஹாரனுக்கு அதைப் பார்க்கத் தெரியாது என்று மட்டும் சொன்னார். அவள் புரிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் கரண்டியைத் திரும்பப் பெற்றாள். பழைய முறையில், குக்கர் கெஞ்சக் கெஞ்ச வேகவைத்தாள். கணக்கு எளிதானது: நன்றாக இல்லாவிட்டால் ஊர் தின்னாது, ஊர் தின்னாவிட்டால் அவர் தின்பார். கணக்கின் முற்பாதி உடனே பலித்தது. மைத்துனனுக்குக் கடையில் வேலை வந்துவிட்டது. தையல்காரம்மாவின் சன்னல் சாத்தப்படும் ஓசை கேட்டது. பிற்பாதி பலிக்கவில்லை. ஓட்டுநர் ஒரு துண்டை வாயிலிட்டு, நெடுநேரம் மென்று, கண்களில் நீர் தளும்ப அவளைப் பார்த்தார். மென்மையைக் கண்டுவிட்ட தாடை பழைய உழைப்புக்குத் திரும்ப மறுத்தது.

"நடிக்காதீங்க" என்று சொல்லியவாறு அவளே ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். அன்றுவரை அவள் தன் முறையில் சமைத்த ஈரலைத் தின்றதில்லை. அழுக்குப் பொருள் என்ற எண்ணத்தால் பிறருக்குப் பரிமாறுவதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் கடித்தாள், வலப்பக்கத்துக்கு மாற்றினாள். பிறகு எழுந்து, தட்டோடு கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள்.

"இதையா இத்தனை நாளா வாயைத் திறக்காம தின்னீங்க?"

"வாயைத் திறந்தா இன்னொண்ணு வைப்பியே" என்றார் ஓட்டுநர்.

அதற்கடுத்த மாலை அவள் வாசற்கதவைத் தாழிட்டாள். சமையலறைச் சன்னலையும் மூடினாள். சமைப்பது அவர் பொறுப்பு, பரிமாறுவது தன் பொறுப்பு, உண்பது அவர் பொறுப்பு என்று வேலைகளைப் பிரித்தாள். ஈரல் வாணலியிலிருந்து இறங்கியதும், அவரைக் கைபிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து, முழுவதையும் அவருடைய தட்டில் சரித்தாள்.

சன்னலை மூடுவதால் மணத்தை மறைக்க இயலாது. முதலில் மைத்துனன் கதவைத் தட்டினான். "அக்கா, தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். அவள் உள்ளிருந்தபடியே, மாட்டிக்கொள்ளவில்லை, மாட்டியிருக்கிறேன் என்றும், படியில் உட்கார்ந்திருக்குமாறும் விடைசொன்னாள். அடுத்துத் தையல்காரம்மாவின் செருப்போசை இறங்கி வந்து நின்றது. சற்றுப் பொறுத்து வேறு இரு குரல்கள் கேட்டன. மேற்பார்வையாளரும் ஹாரனும்! அண்ணனைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்ததாகவும், வரும் வழியில் கறிக்கடையில் நல்ல ஈரல் கண்ணில் பட, வாங்கி வந்ததாகவும் அவர்கள் மைத்துனனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டுநரின் உடல் தானாகவே எழுந்தது. வாசலில் மேலதிகாரி நிற்க, உள்ளே தாம் மட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது என்ற காட்சி அவருடைய வாழ்க்கையில் இதுவரை நிகழாதது.

"உக்காருங்க." மனைவி குரலை உயர்த்தவில்லை. "எழுந்தீங்கன்னா கேன்டீன்தான்."

அவர் நின்றார். வெளியே, "தூங்குறாரோ?" என்றது ஒரு குரல். "தூங்குறவர் வீட்டுலயா இப்படி வாசனை வரும்?" என்றது இன்னொன்று. ஓட்டுநர் கதவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் கவளத்தை வெட்கத்தினால் கதவுக்கு முதுகைக் காட்டியபடி விழுங்கினார். இரண்டாவது எளிதாக இறங்கியது. மூன்றாவதற்குப் பின் வெளிக்குரல்கள் சிறிது தொலைவுக்குச் சென்றுவிட்டாற்போல் தோன்றின. பாதித் தட்டில் அவருடைய கை தயங்கியது. நெற்றி வேர்த்திருந்தது. மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. அவர் ஐயத்தோடு நாக்கை வெளியே நீட்டிக் காற்று வாங்கினார்.

"ஏம்மா, மிளகு கொஞ்சம் தூக்கலா இல்ல?"

"முதல் நாள்லேர்ந்தே. தின்னவங்க மூக்கு ஒழுகினதைப் பார்த்தேனே."

"ஒருத்தரும் சொல்லலையே!"

"ஓசியில தின்னவங்க எப்படிச் சொல்வாங்க?"

"நீ சொல்லியிருக்கலாமே."

"ஒரு துண்டு தின்னிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்று கூறி, அவள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அவர் அதைக் குடித்துவிட்டு, தட்டில் ஒன்றும் மிஞ்சாதபடி உண்டு முடித்தார். கதவு திறக்கப்பட்டபோது படியில் மைத்துனன் மட்டுமே இருந்தான். மற்றவர்கள் தங்கள் ஈரலோடு போய்விட்டிருந்தார்கள்.

அதன்பின் ஈரல் மாலைகளில் தாழ்ப்பாள் தவறியதில்லை, மிளகு பாதியாயிற்று, டிபன் பாக்ஸில் தயிர்ச்சோறு சென்றது. ஓட்டுநருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நடத்துநர் சொன்னார். சாப்பாட்டு விஷயத்தில் மனிதரின் உண்மைக் குணம் தெரிந்துவிடும் என்று தையல்காரம்மா, படியேறுவோர் இறங்குவோர் அனைவரிடமும் சொன்னார். ஒரு கட்டத்தில், ஓட்டுநர் தம் சன்னலில் எக்கிப் பேசியபோது எவரும் குனியக்கூட இல்லை.

கடைசிப் பரிசோதனையில் மருத்துவர் தாளை இருமுறை படித்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார். தேறிவிட்டீர்கள் என்றார். அவருடைய குரலில் மகிழ்ச்சி இருந்தது. நெடுநாளாக டப்பா வராதவரின் மகிழ்ச்சி எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு இருந்தது.

விடியுமுன் பணிமனையில், மேற்பார்வையாளர் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். உடனே கொடுத்துவிடாமல், விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. இப்பச் சொல்றதுக்கு என்ன? உங்க ஈரல்ல காரம் கொஞ்சம் அதிகம்தான்."

"ஆமா" என்றார் ஓட்டுநர், கையை நீட்டி. "இப்பச் சரியாயிருக்கு."

சாவியை வாங்கிக்கொண்டு அவர் வண்டியை நோக்கி நடந்தார். பின் கதவை ஒருமுறை அடித்துச் சாத்தினார். முதல் நிறுத்தத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள்.